கட்டிலோடு பற்றவைத்த கை

வலது தோள்பட்டை அன்று காலையிலிருந்தே கழன்று விழப்போவதுபோல் வலித்துக்கொண்டிருந்தது. பட்டறையில் தலைக்கு மேலே கையைத் தூக்கிப் பிடித்தபடி நாள் முழுக்க வெல்டிங் வைத்த தோள் அது. இனி இதைத் தோள் என்று சொல்வதே மரியாதைக்காகத்தான். இடது கையால் வலது கையைத் தூங்குகிற குழந்தையைத் தாங்குவதுபோல் தாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறினான் வெல்டர். கதவைத் திறந்ததும் பின்னறையிலிருந்து மோட்டார் முனகுகிற சத்தம் வந்தது. அங்கே இன்னொரு கை, வலி தெரியாமல், வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

அது அவன் செய்த கை. அலுமினியப் பட்டை, விரல் பருமனில் மோட்டார்கள் நாலைந்து, பக்கெட்டிலிருந்து தண்ணீர் இழுக்க ஒரு குட்டிப் பம்பு, நுனியில் வளைத்துவிட்ட செம்புக் குழாய். வெளிச்சம் மங்கியதும் தானாக எழுந்திருக்கும். ஜன்னலோரம் வரிசையாக நிற்கிற ஆறு பூந்தொட்டிகளுக்கும் ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு, மடங்கிப் படுத்துக்கொள்ளும். அவன் நிலைக்கதவில் சாய்ந்து, முதலாளி கூலிக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தான். தொட்டி விளிம்பில் குழாயின் நுனி இரண்டு தட்டுத் தட்டியது. ஊற்றியது. அடுத்த தொட்டி. இரண்டு தட்டு. ஊற்றியது. ஈரமண் வாசனை அறை முழுக்கப் பரவி, இரும்பின் துரு வாசனையோடு கலந்து, அவன் மூக்கில் பழைய ரத்தம்போல் ஏறியது.

ஆறாவது தொட்டி முடிந்தது. மடங்க வேண்டிய கை மடங்கவில்லை.

ஏதோ யோசிப்பதுபோல் நின்றது. பிறகு ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே வந்து, குனிந்து, ஊற்றியது.

கட்டிலில் ஒன்றுமில்லை. மெத்தைகூட இல்லை. வெறும் இரும்புப் பட்டைகளைப் பின்னிய சட்டம். ஊற்றிய தண்ணீர் பட்டை இடைவெளியில் புகுந்து தரையில் சளசளவென்று விழுந்திருக்க வேண்டும். பம்பு ஓடியது, குழாயிலிருந்து தண்ணீர் இறங்கியது, அவன் கண்ணால் பார்த்தான். தரையில் விழுகிற சத்தம் மட்டும் வரவில்லை.

"லூசுப்பய மிஷினு" என்று சொல்லிக்கொண்டே குனிந்து, கட்டிலுக்கு அடியில் உள்ளங்கையை வைத்துத் தடவினான். தரை காய்ந்து கிடந்தது. புழுதி வந்து கையில் ஒட்டியது.

அவன் அதை அன்றைக்குப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதையும் பெரிதாக எடுத்துக்கொள்கிற ஆளில்லை அவன். உலகத்தில் பாதிப் பேர் முட்டாள், மீதிப் பேர் சோம்பேறி என்பது அவன் கணக்கு. அவன் எந்தப் பாதி என்று அவனை யாரும் கேட்டதில்லை.

அந்தக் கட்டில் மாமனாருடையது. வீட்டோடு மாப்பிள்ளை என்று கேள்விப்பட்டிருப்போம். இந்த வீட்டில் வீட்டோடு மாமனார். லாரி ஷெட்டில் மூட்டை தூக்கியே காலம் தள்ளிய மனுஷன். கழுத்தும் முதுகும் ஒன்றாகிப்போய், நிமிர்ந்து வானம் பார்த்தே வருஷக்கணக்காகியிருந்தது. உள்ளங்கை காய்த்துக் காய்த்துச் செருப்புத்தோல் மாதிரி இருக்கும். படியில் விழுந்து இடுப்பு உடைந்தபோது, மகள் அழைத்துவந்து பின்னறையில் கிடத்தினாள். வெயில் வருகிற அறை. செடிகளும் அங்கேதான் இருந்தன. கிழவருக்கும் வெயில் ஆகட்டும் என்றாள்.

படுத்துக்கிடந்தாலும் கிழவருக்கு வாய் படுக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கச் சட்டம் பற்றவைத்துக் கொடுத்த மருமகனைப் பார்த்து, "மாப்பிள்ளை, இந்த ஒட்டு நிக்குமா, இல்ல உங்க தோளு மாதிரி தொங்கிடுமா?" என்று கேட்டவர் அவர். முதுகை விற்றுச் சாப்பிட்ட ஆளுக்கு வாய் மட்டும் முதலாளி வாய் என்று இவன் கறுவினான். முகத்துக்கு நேரே மாமா என்பான், முதுகுக்குப் பின்னால் மூட்டை என்பான். மூட்டை சாப்பிட்டுச்சா, மூட்டைக்கு மருந்து குடுத்தியா. பெண்டாட்டி ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்த மூட்டைதான் என்னைச் சுமந்துச்சு என்றாள். அதற்குப் பிறகு அவள் காதுபடச் சொல்வதை நிறுத்திக்கொண்டான். அவ்வளவுதான் திருத்தம்.

கிழவருக்குத் தாகம் அடங்காது. எவர்சில்வர் டம்ளரைக் கட்டில் சட்டத்தில் தட்டுவார். மகள் தையல் ஆலையில் வேலைக்குப் போகிற நேரம் என்றால், தட்டுவது யார் காதில் விழ வேண்டும்? தோளில் ஊசி போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்த ஒரு சாயங்காலம், முன்னறையில் டீவி பார்த்துக்கொண்டிருந்த மருமகனுக்கு அந்தச் சத்தம் கேட்டது. "மாப்பிள்ளை, ஒரு வாய் தண்ணி" என்ற குரலும் கேட்டது. வர்றேன் என்றான். டீவி சத்தத்தைக் கூட்டினான். தட்டு, தட்டு, கை வலித்தால் நீயே நிறுத்துவாய் என்று நினைத்தான். கொஞ்ச நேரத்தில் நின்றது. நின்றதில் அவனுக்குத் திருப்திதான்.

அவனைக் கெட்டவன் என்று சொன்னால் அது அவனைப் புகழ்வதாகிவிடும். கெட்டது செய்வதற்கும் எழுந்து நாலு அடி நடக்க வேண்டும். அவன் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

வேலை முடிந்து வந்த மகள், அப்பாவின் திறந்த வாயையும் கட்டிலுக்கு அடியில் கிடந்த காய்ந்த டம்ளரையும் பார்த்தாள். அழுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். தண்ணி கேட்டாரா? கேட்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தார் என்று இவன் சொன்னான். அவள் இவன் முகத்தைப் பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று அந்தப் பார்வையில் படிக்க முடியவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னாள்:

"ஆறு செடி இருக்கு. அதுங்களுக்குத் தண்ணி ஊத்துங்க. அதுங்க வாயத் தெறந்து கேக்காது. கேக்காததுக்காச்சும் உங்க கை போகுதான்னு பாக்கலாம். ஆறும் உசுரோட இருந்தா வர்றேன். இல்லன்னா என்னைத் தேடாதீங்க."

அவள் சொன்னால் சொன்னதுதான். அவள் இல்லாத வீட்டில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை; பாத்திரம் நாறியது; ராத்திரி தோள் வலித்தால் தைலம் தேய்க்க ஆளில்லை. அவள் வேண்டும். அதில் பொய்யில்லை. ஆனால் அதற்காக நாள் தவறாமல் டம்ளரைத் தூக்கிக்கொண்டு செடிக்குச் செடி நடப்பதா? அதற்கு ஒரு கை போதும், மனுஷன் எதற்கு என்று அவன் முடிவுகட்டினான்.

பட்டறைக்கு எதிரே போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவனை எல்லோரும் ரிமோட் என்பார்கள். பொம்மை ஹெலிகாப்டர் செய்து பறக்கவிடுகிற பைத்தியம். மோட்டாரும் போர்டும் அவன்தான் கொடுத்தான், ஒயர் இணைக்கிற விதமும் காட்டினான். கையை ஒரு தடவை பிடித்துக்கொண்டுபோய் இடத்தைக் காட்டிப் பொத்தானை அழுத்தினால், அந்த இடத்தை அது மறக்காது என்றான். குழந்தைக்கு எழுத்துப் பழக்குவதுபோல. வெல்டர் அப்படியே பழக்கினான். தோள் வலியில் பாதி வழியில் அவன் கை ஒரு வெட்டு வெட்டி நடுங்கும். அதையும் அது கற்றுக்கொண்டது. வெல்டிங் குச்சியை இரும்பில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நெருப்புப் பிடிக்கிற பழக்கத்தில், தொட்டி விளிம்பிலும் தன்னையறியாமல் தட்டினான், அதையும் கற்றுக்கொண்டது.

தப்பு நடந்தது வேறு இடத்தில். கை நிற்பதற்குக் கனமான அடி வேண்டும். வேறு யாராக இருந்தாலும் ஒரு பலகையில் திருகாணி போட்டு முடுக்கியிருப்பான். இவன் வெல்டர். அறை நடுவில் இரும்புக் கட்டில் சும்மா கிடந்தது. யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லியிருந்தாள் அவள். செத்தவர் கட்டிலை வீணாக்குவானேன் என்று, பட்டறையிலிருந்து வெல்டிங் மெஷினைக் கொண்டுவந்து, கையின் அடித்தகட்டைக் கட்டில் சட்டத்தோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டான். நாலு பக்கமும் முழு ஒட்டு. கட்டிலும் கையும் ஒரே இரும்பாகிவிட்டன. தன் ஒட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, "நிக்குமா மாமா?" என்று வெறும் கட்டிலைப் பார்த்துக் கேட்டுச் சிரித்தான்.

மறுநாளும் கை ஏழாவது இடத்துக்குப் போனது. அடுத்த நாளும். போர்டைக் கழற்றி ரிமோட்டிடம் எடுத்துப்போனான். அவன் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்துவிட்டு, ஆறு இடம்தான் பதிந்திருக்கிறது என்றான்.

"ஏழாவதா ஒண்ணுக்குப் போகுது. நானே பாத்தேன்."

"அதுக்குச் சொந்த புத்தி கெடையாதுண்ணே. யாராச்சும் கையப் புடிச்சுக் காட்டினாத்தான் போகும்."

"வீட்டுல நான் மட்டுந்தான்டா இருக்கேன்."

"அப்ப நீங்கதான் காட்டியிருக்கணும்" என்று சொல்லி ரிமோட் சிரித்தான். நாலு எழுத்துப் படித்துவிட்டால் எல்லாவனுக்கும் நக்கல் வந்துவிடுகிறது என்று இவன் வீட்டுக்கு வந்தான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஆறு தொட்டிக்கும் புதிதாகப் பழக்கினான்.

அன்று சாயங்காலம் மழை வரப்போவதுபோல் சீக்கிரமே இருட்டியது. ஜன்னல் கண்ணாடியில் எதிர்வீட்டு விளக்கின் மஞ்சள் மட்டும் கரைந்து வழிந்தது. எங்கோ ஒரு குழாய் சொட்டியது. மோட்டார் முனகிக்கொண்டு எழுந்தது. ஆறு தொட்டிகளுக்கும் அவன் பழக்கியபடியே, அதே வெட்டு, அதே நடுக்கம், அதே இரண்டு தட்டு. பிறகு கட்டில் பக்கம் திரும்பியது.

இந்தத் தடவை அவன் கிட்டே போய்ப் பார்த்தான்.

அங்கே திரும்பும்போது கையில் அந்த வெட்டு இல்லை. நடுக்கம் இல்லை. தட்டவும் இல்லை. வழவழவென்று இறங்கி, ஒரு ஜாண் உயரத்தில் நின்று, குழாயின் நுனியைச் சாய்த்துக் கொஞ்சம் ஊற்றியது. நிறுத்தியது. காத்திருந்தது. மறுபடி கொஞ்சம். நிறுத்தியது. படுத்துக்கிடக்கிற ஒருவருக்குப் புரையேறாமல் எப்படி ஊற்றுவார்களோ, அப்படி. விழுங்கிவிட்டாரா என்று பார்த்துப் பார்த்து.

அந்த வேலையை அவன் கை ஒருநாளும் செய்ததில்லை. அவன் கையிலிருந்து அது கற்றிருக்க முடியாது.

தன்னைத்தானே திட்டிக்கொண்டு, "கரண்ட புடுங்கினா நீ வெறும் பழைய இரும்பு" என்று கையிடம் சொல்லிவிட்டு, ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினான். கை அப்படியே தொங்கிப்போனது. பார்த்தாயா என்று யாருக்கோ காட்டுவதுபோல் சிரித்துவிட்டு முன்னறைக்கு வந்தான்.

டீவி போட்டான். பாதிப் பாட்டில் அந்தச் சத்தம் வந்தது.

டம்ளர், சட்டத்தில். இரும்பில் எவர்சில்வர் படுகிற மெல்லிய, கூர்மையான, அவசரமில்லாத சத்தம். கிணிங். இடைவெளி. கிணிங். அவன் சமையலறைக்குப் போய்ப் பார்த்தான். அந்த டம்ளர் அலமாரியில் கவிழ்த்தபடியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே பின்னறையில் தட்டியது. டீவி சத்தத்தைக் கூட்டினான். பாட்டு உயர்ந்தது. தட்டல் உயரவில்லை, தாழவுமில்லை. பாட்டுக்கு அடியில் போகாமல், அதே அளவில், காதுக்குப் பக்கத்தில். இன்னும் கூட்டினான். கீழ்வீட்டுக்காரி கம்பால் கூரையை இடித்தாள். கிணிங். அவன் எழுந்தான். கிழவர் உயிரோடிருந்தபோது எழாதவன் இப்போது எழுந்து ஓடிப்போய் ஒயரைச் செருகினான்.

கை எழுந்தது. தொட்டிகள் பக்கம் திரும்பவே இல்லை. நேராகத் தலைமாட்டுக்கு.

தட்டல் நின்றது.

அதற்குப் பிறகு அவன் ஒயரைத் தொடவில்லை. கை வெளிச்சம் மங்கும்வரை காத்திருப்பதையும் விட்டுவிட்டது. காலையிலும் குனிந்திருந்தது, பட்டறைக்குப் போய்த் திரும்பி வந்தாலும் குனிந்திருந்தது. பக்கெட் காலியாவதற்குள் நிரப்பி வைக்க வேண்டியதாயிற்று. பட்டறையில் குச்சியை இரும்பில் தட்டும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தான். சகாக்கள் கேலி பேசினார்கள். பெண்டாட்டி போன் பண்ணினாள். செடி எப்படி என்று கேட்டாள். ஜம்மென்று இருக்கிறது என்றான். நீங்கதான் ஊத்துறீங்களா என்று கேட்டாள்.

"வேற யாரு கை? என் கைதான்."

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வர்றேன்" என்றாள் அவள். குரல் கொஞ்சம் இளகியிருந்தது. அந்த இளக்கம் அவன் நெஞ்சில் வந்து விழுந்தது.

போனை வைத்துவிட்டுச் செடிகளைப் பார்த்தான். பல நாளாக அவற்றைப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இலைகள் சுருண்டிருந்தன. மண் தொட்டி விளிம்பை விட்டுப் பிரிந்து வெடித்திருந்தது. வீட்டில் ஓடிய தண்ணீரெல்லாம் ஒரே வாய்க்குள் போயிருந்தது.

வேறு வழியின்றி அவனே டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நடந்தான். ஜன்னலுக்குப் போகக் கட்டிலைச் சுற்றித்தான் வழி. தளும்பத் தளும்பக் கொண்டுபோன தண்ணீர், கட்டிலைத் தாண்டும்போது கையில் கனம் குறைந்தது. தொட்டியில் கவிழ்த்தான். ஒரு சொட்டு விழுந்தது. மறுபடி பிடித்தான். மறுபடி ஒரு சொட்டு.

கட்டிலையே வெளியே தள்ளிவிடுவது என்று கால்மாட்டைப் பிடித்துத் தூக்கினான். இந்தக் கட்டிலின் எடை அவனுக்குத் தெரியும். தோளில் ஊசி போட்ட நாளில்கூட ஒற்றைக் கையால் நகர்த்தியிருக்கிறான். கையின் எடையும் தெரியும். அவனே வெட்டி ஒட்டியது. இரண்டையும் கூட்டினாலும் இவ்வளவு வராது. ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிற, எலும்பு கனத்த ஒரு ஆளின் எடை. சட்டத்தை விட்டதும் இரும்புப் பட்டைகள் முனகின. யாரோ புரண்டு படுப்பதுபோல்.

கடைசியில், தோள் அறுந்தாலும் பரவாயில்லை என்று, தொட்டிகளை ஒவ்வொன்றாக அணைத்துத் தூக்கிச் சமையலறைக்குக் கொண்டுபோய், குழாயடியில் வைத்து நனைத்தான். அங்கே தண்ணீர் தண்ணீராகவே இருந்தது, மண் குடித்தது. நாலு செடி பட்டுவிட்டது. இரண்டில் நடுத்தண்டு பச்சையாக இருந்தது. நாலுக்குப் பூச்சி விழுந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டைப் பிழைக்கவைத்ததற்காவது அவள் உள்ளே வருவாள். சட்டையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, பின்னறையைப் பார்த்து, "நீ குடிச்சிக்கிட்டே கெட, மூட்டை" என்றான். பழைய தைரியம் கொஞ்சம் திரும்பியிருந்தது. அதுதான் கடைசித் தடவை.

ஞாயிற்றுக்கிழமை வீடு கூட்டினான். பாத்திரம் கழுவினான். கதவை உள்தாழ் போட்டுவிட்டுக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டான். பின்னறைக் கதவைச் சாத்தினான்; மோட்டார் முனகல் அவள் காதில் விழுந்தால், பட்டறை வேலைக்கான மிஷின் என்று சொல்லிக்கொள்ளலாம். வெளியே வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. பஸ் நிலையத்தில் இறங்கிவிட்டேன், நடந்து வருகிறேன் என்று அவள் போனில் சொன்னாள்.

அப்போதுதான் கருகல் வாசனை வந்தது.

முதலில் அடுப்பு என்று நினைத்தான். அடுப்பு அணைந்திருந்தது. பின்னறைக் கதவுக்கு அடியிலிருந்து நீலப்புகை ஒரு நூலாக வந்தது. திறந்தான். ஓய்வில்லாமல் ஓடிய மோட்டார் வெந்து, உருகிய பிளாஸ்டிக் சட்டத்தில் வழிந்துகொண்டிருந்தது. கை ஒரு தடவை துடித்தது. பிறகு தலைமாட்டுக்கு மேலே, பாதி குனிந்தபடி நின்றுவிட்டது. குழாயின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு தொங்கியது. விழவில்லை. மேல்நோக்கி நீண்டது. உறிஞ்சப்பட்டது.

கிணிங்.

அவன் தலையில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. அவள் வருகிறாள். இந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். தூக்கத்திலிருந்தாலும் எழுந்து ஓடிவருவாளே, அந்தச் சத்தம். வாசலில் கால் வைத்ததும் கேட்டுவிடுவாள். கேட்டால் எல்லாம் தெரிந்துவிடும். அவள் வருவதற்குள் இதை நிறுத்த வேண்டும்.

டம்ளரைப் பக்கெட்டில் முக்கினான். கட்டிலருகே மண்டியிட்டான். கைக்குத் தோள் ஒத்துழைக்கவில்லை. ஒரு வெட்டு. தண்ணீர் மொத்தமாகச் சாய்ந்தது.

வெறும் கட்டில் இருமியது.

புரையேறி, மூச்சு அடைத்து, நெஞ்சுக்கூடு அதிர இருமியது. இரும்புப் பட்டைகள் அதிர்ந்தன. துளித்துளியாக எச்சில் போல் ஏதோ அவன் முகத்தில் தெறித்தது. இருமல் அடங்கியது. பிறகு அவன் மணிக்கட்டுக்கு அடியில் ஒரு உள்ளங்கை வந்து தாங்கியது.

காய்ந்த உள்ளங்கை. காய்த்தது. செருப்புத்தோல்.

கோபமாகப் பிடிக்கவில்லை. அவசரமாகவும் இல்லை. மூட்டையின் கனத்தைப் பழகியவன் பிடிக்கிற பிடி; இறுக்கவும் இல்லை, விடவும் இல்லை. அவன் கையைப் பக்கெட்டுக்குக் கொண்டுபோனது. முக்கியது. தூக்கியது. தலைமாட்டுக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் சாய்த்தது. நிறுத்தியது. காத்திருந்தது. கொஞ்சம் சாய்த்தது.

தோள் கிழிந்தது. கை நிற்கவில்லை.

படியில் செருப்புச் சத்தம். வாசல் மணி அடித்தது. "என்னங்க" என்றாள். மணி மறுபடி அடித்தது. கதவைத் தட்டினாள். அவன் வாயைத் திறந்தான். நாக்கு மேலண்ணத்தில் காய்ந்து ஒட்டியிருந்தது. முக்கியது. தூக்கியது. சாய்த்தது. உள்ளே ஒரு தொண்டை விழுங்குகிற சத்தம்.

வெளியே அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அவள் மூச்சு வாங்குவதுகூட அவனுக்குக் கேட்டது. பிறகு, கதவுக்கு ரொம்பக் கிட்டத்தில், தணிந்த குரலில் சொன்னாள்.

"உள்ளதான் இருக்கீங்க. லைட் எரியுது. வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே, கூப்பிட்டா வராம இருக்கிறது உங்களுக்குப் புதுசா என்ன?"

செருப்பு திரும்பியது. படியில் இறங்கியது. ஒவ்வொரு படியாக. தெருச் சத்தத்தில் கலந்தது.

பக்கெட் காலியானது. அந்தப் பிடி அவனை எழுப்பிக் குழாயடிக்கு நடத்திப்போய், நிரப்பவைத்து, திருப்பிக் கூட்டிவந்து மண்டியிடவைத்தது. கருகிய இரும்புக் கை மேலே குனிந்து நின்றது. அதற்குக் கீழே அவன் கை. அதற்கும் கீழே, யாருமில்லாத கட்டிலில், இரும்புப் பட்டைகள் ஒரு ஆள் நீளத்துக்குத் தாழ்ந்து வளைந்திருந்தன. தரை காய்ந்திருந்தது. கொஞ்சம் சாய்த்தது. நிறுத்தியது. காத்திருந்தது.

எத்தனை பக்கெட் ஊற்றினாலும் அது இன்றைக்குக் குடிக்கிற தண்ணீர். அந்தச் சாயங்காலம் கேட்டபோது கொடுக்காத ஒரு டம்ளர் தண்ணீர் இன்னும் பாக்கி.